பிடுங்குவதற்கு முன்: தோட்டப்புறத்துப் பல்லும் புதிய கருவிகளும்

"வலி தாங்க முடியல டாக்டர், புடுங்கிடுங்க."

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் காதுக்கு இது பழகிய பேச்சு. என் பாட்டி இதைச் சொன்னார், அப்பா சொன்னார். இன்றும் பல் கிளினிக் பெஞ்சில் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் ஒருவராவது இதைச் சொல்லத்தான் காத்திருப்பார். கிராம்பை அடக்கிப் பார்ப்பது, உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது, பனாடோல் வலி மாத்திரை விழுங்குவது என்று மூன்று வாரம் ஓடிவிடும். கன்னம் வீங்கி, செம்பனைக் குலையை அண்ணாந்து பார்க்கவே முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் டாக்டர் நினைப்பு வரும். அப்போதும் என்ன செய்ய வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

இந்த வழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் கிடைத்த வைத்தியம் அவ்வளவுதான். தோட்டத்து மருந்தகத்தில் ஒரு டிரஸ்ஸர் இருப்பார். காய்ச்சல், மலேரியா, கத்தி வெட்டு எல்லாவற்றுக்கும் அவரேதான். பல்லுக்கு அவரிடம் இருந்தது குறடு ஒன்றுதான். பல்லைக் குடைந்து அடைக்கும் வேலை டவுனில் நடந்தாலும், அது பிடுங்குவதைவிடப் பயங்கரம் என்றே நம்மவர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பில் நியாயமும் இருந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் மோரிசன் என்பவர் 1871இல் காப்புரிமை பெற்ற துளைப்பான் தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்துச் சுழற்றுவது. அதன் பிறகு மின்சாரத்தில் ஓடும் துளைப்பான் வந்தாலும் அதுவும் மெதுவாகவே சுற்றியது. மெதுவாகச் சுற்றும் முனை பல்லைச் சூடாக்கும், தாடை முழுக்க அதிரும். வலி மண்டைக்கு ஏறும். 1957இல் ஜான் போர்டன் என்ற பல் மருத்துவர் காற்றழுத்தத்தில் சுழலும் துளைப்பானைக் கொண்டுவந்தார். நிமிடத்துக்குச் சுமார் 3 லட்சம் சுற்று. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அந்த வேகத்தில் குடையும்போது வேலை நொடிக் கணக்கில் முடிகிறது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஊசியும் 1943இல் சுவீடனில் கண்டுபிடிக்கப்பட்டு, 1948இல்தான் விற்பனைக்கு வந்தது. நம் பாட்டிமார்களின் பயம் இதற்கெல்லாம் முந்திய காலத்துப் பயம். கருவிகள் மாறிய பிறகும் அந்தப் பயம் குடும்பத்துக்குள் கைமாறிக்கொண்டே வந்துவிட்டது.

நம் நாட்டில் 1949இல் பினாங்கில் பல் தாதியருக்குப் பயிற்சி தொடங்கினார்கள். நியூசிலாந்து முறையைப் பார்த்துச் செய்தது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிப்பதுதான் அவர்கள் வேலை. வெள்ளை உடுப்பில் வந்த 'பல் மிஸ்ஸி'யை நினைத்தாலே இன்னும் கூசுகிறது என்று சொல்லும் ஐம்பது வயதுக்காரர்களை எனக்குத் தெரியும். அதே மிஸ்ஸிகளால்தான் அவர்கள் வாயில் இன்றும் சொந்தக் கடைவாய்ப் பல் இருக்கிறது. பால்மரம் வெட்டப் போன அவர்களின் அம்மா அப்பாவுக்கு அப்படி யாரும் தேடி வந்து பார்க்கவில்லை.

சரி, இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது? விளம்பரங்களைப் பார்த்தால் லேசர், ரோபோ என்று கண்ணைப் பறிக்கும். நான் கவனித்தவரை, தோட்டப்புற நோயாளிக்குப் பெரிய மாற்றம் பார்ப்பதில் வந்திருக்கிறது. வலிக்கு முன்பே நோய் கண்ணுக்குத் தெரிகிறது. முன்பே தெரிந்தால் வேலை சின்னது, செலவு சின்னது, பல்லும் தங்கும். நாம் எவ்வளவு தாமதித்துப் போகிறோமோ அவ்வளவுக்குப் புதுக் கருவிகள் நமக்குச் செய்யக்கூடியது குறைந்துகொண்டே போகும்.

எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். ரோன்ட்கன் 1895 நவம்பரில் அந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். இரண்டே மாதத்தில் ஓட்டோ வால்க்ஹொஃப் என்ற ஜெர்மானியர் தன் பல்லையே படம் எடுத்துக்கொண்டார். அதற்காக 25 நிமிடம் அசையாமல் கிடந்தார் என்பது பதிவு. பிறகு பல ஆண்டுகள் ஃபிலிம் காலம். வாய்க்குள் ஃபிலிமை வைத்து எடுத்து, இருட்டறையில் கழுவிக் காய வைப்பார்கள். 1987இல் பிரான்சின் பிரான்சிஸ் மூயென் ஃபிலிமுக்குப் பதிலாக ஒரு சின்ன உணரியை வாயில் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இப்போது பொத்தானை அழுத்திய சில நொடியில் படம் திரையில் வந்துவிடுகிறது. கதிர்வீச்சும் பழைய ஃபிலிமைவிட வெகுவாகக் குறைவு. கர்ப்பமா, பிள்ளைக்கு எடுக்கலாமா என்று கேட்பது நல்ல கேள்வி, கட்டாயம் கேளுங்கள். ஆனால் ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயில் கிடைக்கும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரே நாளில் நம்மேல் இயற்கையாக விழுவதைவிடப் பெரும்பாலும் அதிகமில்லை.

இதில் என்ன லாபம் என்றால், இரண்டு பல் உரசிக்கொள்ளும் இடுக்கில் தொடங்கும் சொத்தை கண்ணாடியில் பார்த்தால் தெரியாது, நாக்கால் தடவினாலும் தெரியாது. எக்ஸ்ரேயில் கறுப்பு நிழலாகத் தெரியும். வெளிக்கூட்டிலேயே நின்றிருந்தால் குடையாமல் ஃபுளோரைடு பூசியே அதை நிறுத்த முடியும். கொஞ்சம் உள்ளே போயிருந்தால் ஒரு அடைப்பு போதும். நரம்பைத் தொட்டுவிட்டால் வேர்ச் சிகிச்சை. அதையும் தாண்டினால்தான் குறடு. ஆறு மாதம், ஒரு வருடம் முன்பின் வருவதில்தான் ஒரு நோயாளி இந்தப் படியில் எங்கே நிற்கிறார் என்பது இருக்கிறது.

திரைக்கு இன்னொரு பயன் உண்டு. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நம் ஊர் கிளினிக்கில் டாக்டர் மலாய்க்காரராக இருப்பார், சீனராக இருப்பார், தமிழராகவும் இருக்கலாம். அறுபது எழுபது வயதுப் பெரியம்மாவுக்கு மலாய் கடைக்கண்ணிக்குப் போதும். 'பல்லைச் சுற்றி எலும்பு தேய்ந்திருக்கிறது' என்று டாக்டர் மலாயில் சொன்னால் அவருக்கு எட்டாது. தலையை ஆட்டிவிட்டு வருவார், மாத்திரையை வாங்கிக்கொள்வார், திரும்பிப் போகவே மாட்டார். இப்போது பேனா அளவிலான ஒரு கேமராவை வாய்க்குள் விடுகிறார்கள். தன் பல்லே திரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிகிறது. என் சித்தி அப்படிப் பார்த்தபோது முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் விரலை நீட்டி, "அந்தப் பக்கத்துப் பல்லும் இப்படித்தான் ஆகுமா?" என்று கேட்டார். முப்பது வருடமாகக் கிளினிக்குக்குப் போய் வரும் அவர் ஒரு கேள்வி கேட்டதை அன்றுதான் நான் பார்த்தேன்.

எக்ஸ்ரே படத்தைக் கணினி நிரலே படித்து, சந்தேகமான இடத்தில் வட்டம் போட்டுக் காட்டும் வசதியும் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு என்று சொல்கிறார்களே, அதுதான். சில நாடுகளில் முறையான அனுமதியுடன் பயன்பாட்டில் இருக்கிறது. முடிவு டாக்டருடையதுதான். நாளெல்லாம் படம் பார்த்துக் களைத்த கண்ணுக்கு அது இன்னொரு ஜோடிக் கண்.

இனி வேர்ச் சிகிச்சை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பல்லை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மெல்லிய கால்வாய்கள் உண்டு. கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு இருக்கும், நேராகவும் இருக்காது. கிருமி அங்கே இறங்கிவிட்டால்தான் அந்த உயிர் போகும் வலி. கால்வாயைச் சுத்தம் செய்து மூடிவிட்டால் பல் பல வருடம் உழைக்கும். முன்பு இதைக் கையால் சுற்றும் எஃகு அரங்களை வைத்துச் செய்தார்கள். எஃகு விறைப்பானது, வளைவில் முட்டும். வேர் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள எக்ஸ்ரே மேல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று நான்கு தடவை வரச் சொல்வார்கள்.

1980களின் கடைசியில் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த அரங்களைச் செய்து பார்த்தார்கள். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். மோட்டாரில் பொருத்திவிட்டால் கால்வாயின் வளைவோடு சேர்ந்தே உள்ளே இறங்கும். வேரின் முனையைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன மின்கருவி இருக்கிறது. உதட்டில் ஒரு கொக்கி, அரத்தில் ஒரு கம்பி. அரத்தின் நுனி வேர்முனையைத் தொடும்போது மின்தடை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வரும், கருவி சத்தம் கொடுக்கும். கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்ப்பது போல, இருட்டில் கைக்கு ஒரு அளவு கிடைத்துவிடுகிறது. இவ்வளவும் சேர்ந்து இன்று பல வேர்ச் சிகிச்சைகள் ஒன்றிரண்டு தடவையில் முடிகின்றன.

தோட்டத்து ஆளுக்கு அந்த 'ஒன்றிரண்டு தடவை' எவ்வளவு பெரிது என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்குச் சுமார் 65 ரிங்கிட். எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு கிடைக்கும்தான். ஆனால் டன் கணக்கில் குலை வெட்டுபவருக்கு அன்றைய கூடுதல் காசு போனது போனதுதான். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய், உடன் வருபவரின் வேலை எல்லாம் சேரும். நான்கு நாள் போக வேண்டும் என்றால் "எடுத்துடுங்க" என்று சொல்வது அவர் கணக்கில் சரிதான். ஒரு நாளில் முடியும் என்றால் அந்தக் கணக்கே மாறிவிடுகிறது.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். சின்ன ஊர் அரசாங்கக் கிளினிக்கில் எல்லாக் கடைவாய்ப் பல்லுக்கும் வேர்ச் சிகிச்சை கிடைத்துவிடாது. நிபுணருக்கு எழுதிக் கொடுப்பார்கள், வரிசை நீளும். தனியாரிடம் போனால் கடைவாய்ப் பல் ஒன்றுக்கே ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டியோ தாண்டியோ கேட்கிறார்கள். கருவி நாட்டுக்குள் வந்துவிட்டது என்பதும் அது நம் கைக்கு எட்டுகிறது என்பதும் வேறு வேறு. அதனால்தான், நரம்பைத் தொடும் முன்பே போய்விட வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பிடுங்குவது மலிவு என்று நினைக்கிறோம். ஒரு கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பல் அந்தப் பள்ளத்தில் சாயும், எதிர்ப்பல் இறங்கி வரும், மெல்லுவது ஒரு பக்கமே ஆகிவிடும். ஐம்பது வயதில் பல் செட் கேட்டு நிற்பவர்களில் பலருக்குத் தொடக்கம் இருபத்தைந்து வயதில் எடுத்த அந்த ஒரு பல்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் நிலைமை நம்பிக்கை தருகிறது. இங்கே உதவும் தொழில்நுட்பத்துக்குப் பளபளப்பே கிடையாது. பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் குழந்தை, கெட்டிப்பால் ஊற்றிய மைலோ, தேத்தண்ணி: இதில் முன்பற்கள் நான்கும் மூன்று வயதிலேயே கரைந்துவிடுகின்றன. அந்த வயதில் துளைப்பானைக் காட்டினால் குழந்தை அலறும். 38 விழுக்காடு சில்வர் டையமின் ஃபுளோரைடு என்று ஒரு திரவம் இருக்கிறது. சொத்தையில் ஒரு துளி தடவினால் போதும். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும். ஊசி இல்லை, சத்தம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு விஷயம் தாய்மார்களுக்கு முன்பே தெரிய வேண்டும். தடவிய சொத்தை கறுத்துவிடும். அது கெட்டுப்போன அடையாளம் இல்லை, நோய் நின்றுவிட்ட அடையாளம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பயந்துபோய் அடுத்த தடவை பிள்ளையைக் கூட்டி வரமாட்டார்கள்.

கண்ணாடி அயனோமர் என்ற அடைப்புப் பொருளும் அப்படித்தான். லண்டனில் வில்சன், கென்ட் என்ற இருவர் உருவாக்கி 1972இல் வெளியிட்டது. ஈரப்பசையுள்ள பல்லிலும் ஒட்டும், ஒட்டிய பிறகு மெல்ல மெல்ல ஃபுளோரைடைக் கசியவிடும். 1980களில் தான்சானியாவில் மின்சாரம் இல்லாத கிராமங்களில், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறையைத் தொடங்கினார்கள். இந்தப் பொருள் அந்த முறைக்குக் கச்சிதமாக அமைந்தது. நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு மடக்கு நாற்காலியோடு வரும் அரசாங்கப் பல் குழுவினர் வகுப்பறையிலேயே இவ்வளவு செய்ய முடிகிறதென்றால், இப்படிப்பட்ட பொருள்கள் இருப்பதால்தான். தண்ணீரையும் இதில் சேர்க்க வேண்டும். மலேசியா 1972இலிருந்து குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்த்து வருகிறது, இப்போது லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில். ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றையும் நம்பியிருந்த லயத்து வீடுகளுக்கு அது எட்டவில்லை. தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு மாறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது தானாகக் கிடைத்தது.

பல் ஒப்பனை சாதனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாயில் மாவை அப்பி அச்செடுக்கும்போது குமட்டும் அல்லவா, அதற்குப் பதில் கேமரா வாயைச் சுற்றி வந்து முப்பரிமாணப் படம் எடுத்துவிடுகிறது. அந்தப் படத்தை வைத்துப் பல்லில் பதிக்கும் பீங்கான் அடைப்பைக் கிளினிக்கிலேயே கடைந்தெடுக்கும் முறையை 1985இல் சூரிக்கில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். எலும்பில் டைட்டேனியம் திருகு வைத்துப் பல் கட்டுவது சுவீடனின் பிரோனெமார்க் 1965இல் தொடங்கியது. இன்று அதற்கு முன் முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்து நரம்பு ஓடும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஈப்போ மாதிரி பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும். வசதி உள்ளவர்கள் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். எதற்காக இந்தப் படம், இது இல்லாமல் முடியாதா என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஒன்று. இதே தொழில்நுட்பக் காலம்தான் இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஹோட்டல் அறையில் கம்பி போட்டுவிடும் போலிகளையும் கொண்டுவந்தது. மலாக்காவில் 2017இல் ஓர் இளம்பெண்ணுக்கு இதற்காக 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் வண்ணக் கம்பிக்கு ஆசைப்பட்டு முன்னூறு ரிங்கிட் கொடுத்துப் பல்லை ஆட வைத்துக்கொள்கிறார்கள். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவுபெற்றவரா, அந்த வருடத்துத் தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே இன்னொன்றையும் பாருங்கள். கருவிகள் ஒட்டிய உறைக்குள் வருகின்றனவா, உங்கள் முன்னால்தான் பிரிக்கிறார்களா என்று. 134 டிகிரி நீராவியில் வெந்து வந்த உறையில் நிறம் மாறிய ஒரு கோடு இருக்கும். காட்டச் சொன்னால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருக்கிறது. இந்தியரிடையே விகிதம் இன்னும் கூடுதல். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையை இறக்குவது கஷ்டமாகும். பல்லில் படிந்த காரையை அதிர்வலையால் தட்டி எடுக்கும் கருவி இப்போது சாதாரணக் கிளினிக்கிலும் இருக்கிறது. ஈறு சுத்தமான பிறகு சிலருக்குச் சர்க்கரை அளவே கொஞ்சம் இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கடைசியாக, என் மனதை அதிகம் உறுத்துவது. வெற்றிலை பாக்கு. பாட்டி பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகும் முன்பே மடித்து அடக்கிக்கொள்வார். பசி தெரியாது, அலுப்பு தெரியாது என்பார். அது தோட்டத்துப் பெண்களின் ஒரே ஓய்வாகவும் இருந்தது. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்த வெற்றிலை, புகையிலை இல்லாவிட்டாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்டது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியப் பெண்களை அதிகம் தாக்குவது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் தெரிகிறது. சுகாதார அமைச்சின் பல் பிரிவு தோட்டங்களுக்கே வந்து வாயைச் சோதிக்கும் திட்டத்தை இதனால்தான் வைத்திருக்கிறது. இந்த நோய் திடீரென்று வருவதில்லை. முதலில் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு. சிலருக்குக் காரம் பட்டால் எரியும், வாய் முழுதாகத் திறக்காமல் போகும். வலி இருக்காது. வலி இல்லாததால் யாரும் போவதில்லை.

இங்கேதான் கைத்தொலைபேசி உதவிக்கு வருகிறது. கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற ஆய்வு நிறுவனம் மெமோசா என்று ஒரு செயலியை உருவாக்கியது. வாயின் உட்புறத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினால், தொலைவில் இருக்கும் நிபுணர் பார்த்து, இவரை உடனே வரச் சொல்லுங்கள் என்பார். படத்தைப் படிக்கக் கணினியையும் பழக்கி வருகிறார்கள். படத்தை வைத்தே புற்று என்று சொல்லிவிட முடியாது. சதையைக் கிள்ளிப் பரிசோதித்தால்தான் உறுதி. ஆனால் நூறு பேரில் யார் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போக வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்லிவிட்டால் அதுவே பாதி வேலை.

செயலி கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுப் பெரியவரை நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, இரண்டு கன்னத்தையும் விலக்கி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் டாக்டர் பார்க்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்குக்கு மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் நேரம் எடுக்கலாம். பெரியவர்களால் முடியாது, பேரப்பிள்ளைகள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். போகும்போது அவர்கள் சாப்பிடும் மருந்து மாத்திரைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்குவார் என்பதையும் சொல்லுங்கள். விளக்கை முதலில் அந்தப் பக்கம்தான் திருப்புவார்கள்.